கட்டைவிரல் பல்லவி

…நடுப்பாட்டில் நின்றுவிட்டு மைக்கிலேயே "சாரி" என்றாளாம், நிஷா. நீ வேலைக்குப் போயிருந்தாய், உனக்குத் தெரியாது. மூன்றாவது மாடி வளைகாப்பில் பாட வந்த பெண்ணைத்தான் சொல்கிறேன். பச்சைப் பட்டு, காதில் பெரிய ஜிமிக்கி, குரலும் தேன்தான், குறை சொல்லக் கூடாது. வரி மறந்துவிட்டது. மறந்ததும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். வளையல் போட்டுக்கொண்டிருந்த மாமியார்க்காரி கையை அப்படியே நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, கரண்ட் பூட்ச்சா?" என்று கேட்டாளாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சிரித்த சிரிப்பில் அங்கேயே வலி எடுத்துவிடுமோ என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள்.

உட்கார், உட்கார். தண்ணீர் லாரி வர இன்னும் நேரம் இருக்கிறது. குடங்களைக் கீழே வரிசையில் போட்டுவிட்டுத்தான் வந்தேன், என்னுடையது சிவப்பு, உன்னுடையது நீலம்.

உன் பாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, இதையே சொல்லிவிடுகிறேன். போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய். நீ எழுதும்போது என் பேச்சைப் புத்தகப் பேச்சாக ஆக்கிக்கொள். நடுவில் ஆட்கள் பேசிக்கொள்வதை மட்டும் பேசியபடியே விட்டுவிடு, இல்லாவிட்டால் ராயபுரத்து ஆட்கள் எல்லாம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

பிள்ளைகளா, வரி மறப்பது தப்பே இல்லை. எனக்கு மறக்காத பாட்டு கிடையாது. இடம் மறப்பதுதான் தப்பு. பாட்டுக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தால் போதும், வரி இல்லாமலும் வெளியே வந்துவிடலாம். நான் வந்தேன். திருவொற்றியூரில், ஒரு கல்யாண வரவேற்பில், ஆயிரம் பேர் பார்க்க வந்தேன்.

ஒரு பாட்டு மொத்தம் எவ்வளவு நேரம்? அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். அவ்வளவு சின்னதுக்குள் வாசல் வைத்து, கூடம் வைத்து, மாடிப்படி வைத்து, மறுபடி வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்களே, அவர்கள் கை என்ன கை! இத்தனை வருஷம் பாடிவிட்டேன். இப்போதும் புதுப் பாட்டு ஒன்று வந்தால், அடுத்து எங்கே திரும்பப் போகிறதோ என்று வாயைத் திறந்துகொண்டு கேட்பேன். என் மருமகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த அண்ணன். பகலில் ரயில்வே கேட்டில் வேலை, சாயங்காலம் எங்களோடு கச்சேரி. கேட்டு அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பது குழுவில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதே. சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, புதுப் பாட்டின் வரிகளை மூன்று முறை படிப்பார். மூன்றாவது முறை முடிவதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் மேடையில் எல்லோரையும் போல நானும் எனக்கு முன்னால் ஸ்டாண்டில் தாள் வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் திருப்புகிற இடத்தில் நானும் திருப்புவேன். இருபது வருஷம் அப்படித் திருப்பியிருக்கிறேன்.

அவர்தான் என் இடது கையைப் பிடித்து விரித்து வைத்துச் சொன்னார்.

"இத பாரு லூர்து. கட்ட விரலு இருக்குதே, அதான் பல்லவி. ஜனம் வூட்டுக்கு இட்டுகினு போறது அத்த மட்டுந்தான். ஆள்காட்டி விரலு மொத சரணம். நடு விரலு நடுவுல வர்ற மியூசிக்கு. மோதிர விரலு ரெண்டாவது சரணம். இப்போ கட்ட விரல எல்லா விரலு மேலயும் வெச்சிப் பாரு. தொடுதா?"

தொட்டது.

"அவ்ளோதான் பாட்டு. எங்க போனாலும் கட்ட விரலு வந்து தொடணும்."

"சுண்டு விரலு?" என்று கேட்டேன்.

"அது கடசில ஒரு தபா மெட்டு எங்கியோ புதுசா போவும் பாரு, அது. இப்பல்லாம் அங்கதான் கடகடன்னு பேசிகினே பாடுறானுங்க. இருக்கறதுலயே தூரம் அதான். கட்ட விரலு இழுத்துகினு போயி தொடணும். அதான் அங்கேந்து திரும்பி வர்றப்போ அவ்ளோ சோக்கா கீது."

செய்து பார்த்தேன். உண்மைதான். சுண்டு விரலைத் தொடத்தான் கட்டைவிரல் அதிகம் பாடுபடுகிறது. நீயும் செய்து பார், நிஷா. பார்த்தாயா? கையிலேயே எழுதி வைத்திருக்கிறான் கடவுள்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். படிப்பு என்றால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். அது அவர் வேலையிலிருந்து வந்தது. ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறீர்கள் இல்லையா? மணி அடிக்கும், கம்பம் இறங்கும். கண்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, மீன் கூடை கட்டிய பைக் எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ரயில் போய் முடிந்தாலும் கம்பம் உடனே ஏறாது. அந்த ஒரு நொடி எல்லோரும் வண்டியை முறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கம்பம் ஏறியதும் ஒரே பாய்ச்சல்.

"பல்லவிக்கு முந்தி மேல ஏத்திகினு போற ரெண்டு வரி வருதே, அதான் கேட்டு போட்டுகினு கீறது," என்பார் அண்ணன். "சும்மா தெறந்தே கெடந்தா எவன் பாய்வான்? நிறுத்தி வெச்சாத்தான் பாய்வான். எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு தெரியணும், அதான் வேல."

இனி என் அவமானத்தைச் சொல்கிறேன். எண்ணூரில் ஒரு கச்சேரி. நடு மியூசிக் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு குழந்தை ஐஸ்கிரீமைத் தன் அப்பாவின் வழுக்கைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததில் எந்த விரலில் நிற்கிறேன் என்பதை விட்டுவிட்டேன். சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் பல்லவியை எடுத்தேன். கீபோர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், டிரம்ஸ் நடுவில். யாரோ அதை வீடியோ எடுத்து, மறுநாள் காலை என் தங்கச்சி வீட்டுக்காரர் போன் வரைக்கும் போய்விட்டது.

எங்கள் மாஸ்டர், கீபோர்டு வாசிப்பவர், குழுவே அவருடையதுதான், நல்ல மனுஷர், ஆனால் கோபம் மூக்கு நுனியில். வேனில் ஏறும்போது சொன்னார்:

"இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா நீ கோரஸ்ல நின்னுக்கக்கா. முன்னால பிரியா பாடட்டும்."

பிரியா அப்போதுதான் குழுவில் சேர்ந்த பெண். காலேஜ் படித்தவள், எந்தத் தாளைக் கொடுத்தாலும் பார்த்த உடனே பாடுவாள்.

கோரஸ் என்றால் கேவலமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் கோரஸில் நிற்பவர்களின் பெயரை மைக்கில் சொல்ல மாட்டார்கள். முன்னால் நிற்பவருக்குத்தான் மாஸ்டர் பெயர் சொல்வார்: "அடுத்த பாடலைப் பாட வருகிறார், நமது லூர்தம்மாள்!" ஸ்பீக்கரில் அது தெருமுனை வரை போய்த் திரும்பி வரும். என் பெயரை எனக்கு எழுதத் தெரியாது, எழுதியிருந்தால் அடையாளமும் தெரியாது. நான் என் பெயரைப் பார்த்ததே இல்லை, கேட்டுத்தான் இருக்கிறேன். அது போய்விடும் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கச்சேரிதான் அந்தத் திருவொற்றியூர் வரவேற்பு. மேடைக்கு ஏறுகிற நேரம் மணப்பெண்ணின் அண்ணன்மார்கள் நான்கு பேர் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த வாரம் வெளியான ஒரு பாட்டு, அது இல்லாமல் தங்கச்சி கேக் வெட்ட மாட்டாள் என்றார்கள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அக்கா, கேட்டுகிறியா அந்தப் பாட்ட?"

கேட்டிருந்தேன். யார்தான் கேட்கவில்லை? நம் பில்டிங் பிள்ளைகள் அத்தனை பேரும் போனில் அதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் சரணம், மேலே ஏற்றுகிற இரண்டு வரி, பல்லவி. அந்தத் துண்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. போனில் ஆடுபவர்களுக்கு அதற்கு மேல் தேவையில்லையே!

கேட்டு அண்ணன் எங்கே என்று பார்த்தேன். ஆளைக் காணோம். டூட்டி மாற்ற வேண்டியவர் வரவில்லையாம், அண்ணன் இன்னும் கேட்டிலேயே இருக்கிறாராம். பக்கத்தில் பிரியா தொண்டையைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றாள்.

"தெரியும் மாஸ்டர், நானே பாடுறேன்," என்றேன்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் ஸ்டாண்டில் வைத்தார். "வரி இதுல கீது. பாத்துகினு பாடு." அதற்குள் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து டிரம்ஸில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. படித்துச் சொல்ல நேரமில்லை. கோலைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"நமது லூர்தம்மாள்!" என்று பெயர் போய்த் திரும்பி வந்தது. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லவி. கட்டைவிரல். ஜனம் முதல் வரியிலேயே எழுந்துவிட்டது. முதல் சரணம், ஆள்காட்டி விரல், அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஏற்றுகிற இரண்டு வரி, மறுபடி பல்லவி. மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். நடு மியூசிக். வலது கையில் மைக், இடது கையைப் புடவை மடிப்பில் மறைத்து வைத்திருந்தேன். கட்டைவிரல் நடுவிரலில் நின்றுகொண்டிருந்தது. அடுத்தது மோதிர விரல். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை.

தாளைப் பார்த்தேன். அது பாட்டுக்கு எறும்பு வரிசை மாதிரி கிடந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கண்ணை அதன் மேல் ஓட்டினேன், மேலிருந்து கீழே, தலையைக்கூட ஆட்டினேன். மியூசிக் முடியப்போகிறது. நிறுத்தி "சாரி" சொல்லலாம். "லா லா" என்று எதையாவது இழுக்கலாம், பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிரியாவிடம் மைக்கை நீட்டலாம்.

அப்போதுதான் எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்த்தேன். அதுவரைக்கும் எல்லோரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அடுத்த வரிக்கு ஒரு வாயும் தயாராகவில்லை, எல்லாம் மூடியிருந்தன. எனக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது! ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அந்தச் சரணம் தெரியாது. அவர்கள் அதற்காக நிற்கவில்லை. பல்லவிக்காக நிற்கிறார்கள்.

கேட்டைப் போட்டுவிட்டேன்.

இடது கையை மடிப்பிலிருந்து எடுத்து, நேராக நீட்டி, கம்பம் இறங்குகிற மாதிரி மெதுவாக இறக்கினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக இறங்கியது. உலகத்தில் அது ஒருவருக்குத்தான் புரியும், அவர் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காலால் அடிக்கிற பெரிய டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டார். டும். டும். டும். மாஸ்டர் ஒன்றும் புரியாமல் கீபோர்டில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

சரணம் வர வேண்டிய இடத்தில் அந்த ஏற்றுகிற இரண்டு வரியைப் பாடினேன். மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. பல்லவி வரும் என்று எல்லோரும் சாய்ந்தார்கள். கொடுக்கவில்லை. மறுபடி அதே இரண்டு வரி, கொஞ்சம் சத்தமாக. கைதட்ட ஆரம்பித்தார்கள். பந்தியில் வாளியோடு நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். மூன்றாவது முறை. குழந்தைகள் நாற்காலி மேல் ஏறிவிட்டன. மூன்றாவது முறை முடிந்ததும் பாட்டு, டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் நின்றன. கை மட்டும் நீட்டியபடி இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது.

கையைத் தூக்கினேன்.

நான் பாடவே இல்லை, பிள்ளைகளா. பாட வாயைத் திறந்தேன், அதற்குள் ஆயிரம் பேரும் ஒரே எழுத்தில், ஒரே நொடியில் பல்லவியை எடுத்துவிட்டார்கள்! யார் அவர்களுக்கு எண்ணிச் சொன்னது? ஹார்பரில் மூட்டை தூக்குபவர், பாங்கில் வேலை செய்பவர், பல் இல்லாத கிழவர், கையில் எச்சில் தட்டோடு நிற்பவர், இவர்களை யார் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தது? மாதா கோவிலில் மண்டியிட்ட மாதிரி இருந்தது எனக்கு. மைக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்து கீழே இறங்கினோம். மாஸ்டர் ஓடி வந்தார், கையில் ஒரு தாள்.

"அக்கா, மன்னிச்சிக்கக்கா! பெரிய தப்பு பண்ட்டேன்! பாட்டுப் பேப்பரு என் பையிலயே கீது. உனக்கு வேற பேப்பர வெச்சிட்டேன்!"

நான் சிரித்த முகத்தோடு, "பரவால்ல மாஸ்டர், அத்த பாத்துதான் சமாளிச்சேன்," என்றேன்.

பிரியா ஸ்டாண்டிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ அக்கா! இது பந்தி லிஸ்ட்டுக்கா! மட்டன் பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்கா தொக்கு, ஐஸ்கிரீமு! பொண்ணோட மாமா மைக்ல சொல்லச் சொல்லிக் குடுத்தது! இத்தப் பாத்துகினே எப்டிக்கா சிரிக்காம பாடுன?"

நான் சிரித்தேன். பிரியாவும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. பந்தி லிஸ்ட்டைப் பார்த்து யாராவது தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை ஓட்டுவார்களா? அவர் என்னையே பார்த்தார். என் சிரிப்பு மெல்ல வற்றிப்போயிற்று.

"அக்கா," என்றார். "எத்தினி வருஷமா?"

"வந்ததுலேந்து மாஸ்டர்."

"எனக்கு தெரியும்," என்றார் பின்னாலிருந்து கேட்டு அண்ணன்.

"நீ வாய மூடு நைனா, உன்கிட்ட அப்பால பேசிக்கறேன்." மாஸ்டரின் குரல் ஏறியது. "எங்கிட்ட சொன்னா இன்னாக்கா? கடிச்சித் துன்னுடுவேனா?"

"இன்னொரு தபா தப்பு ஆச்சின்னா பின்னால நில்லுன்னியே. இத்தயும் சொன்னா வூட்டுக்கே அனுப்பிடுவியோன்னு…"

அவர் பந்தி லிஸ்ட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேனில் பிரியா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! குழம்பில் உப்பைப் போட்டேனா இல்லையா என்றே தெரியாது, வீட்டில் தினமும் சண்டை. போன் வரும், மாஸ்டராக இருக்குமோ என்று எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் கச்சேரி. மேடையேறிப் பார்த்தேன். முன்னால் இரண்டு மைக். ஒன்றுக்கு முன்னால்தான் ஸ்டாண்டு இருந்தது, அது பிரியாவுக்கு. என் மைக்குக்கு முன்னால் ஸ்டாண்டே இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்து, பின்னால் கோரஸ் பக்கம் போய் நின்றேன்.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பினார். "அங்க இன்னாக்கா பண்ற? உன் எடம் முன்னால."

"ஸ்டாண்ட காணோமே மாஸ்டர்."

"நான்தான் எடுத்தேன். மட்டன் பிரியாணிய எத்தினி நாளு படிப்ப? போயி சும்மா நில்லு."

அப்புறம் மைக்கை எடுத்துப் பெயர் சொன்னார். அன்றைக்கு அது கடல் வரை போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு குரல் இறங்கி நானே நிறுத்திக்கொள்ளும் வரை எனக்கு முன்னால் எந்தத் தாளும் வைத்ததில்லை. வேனில் வரிகளைப் படித்துச் சொல்வது பிரியாவின் வேலையாயிற்று. கேட்டு அண்ணன், "என் வேலைய புடுங்கிட்டாளே," என்று அவளைச் சும்மா திட்டிக்கொண்டே வருவார்.

அந்த இரண்டாம் சரணம் என்ன என்றுதானே கேட்கப் போகிறாய்? எனக்கு இன்று வரைக்கும் தெரியாது! கொஞ்ச நாள் கழித்து ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன், கேட் போட்டிருந்தது. முன் சீட்டில் ஒரு பையன் போனில் அதே பாட்டு. பல்லவி போயிற்று, முதல் சரணம், மறுபடி பல்லவி, நடு மியூசிக். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். மோதிர விரலுக்குக் கட்டைவிரல் போகிறது, பாடுகிறவள் மூச்சை இழுக்கிறாள், அந்த நேரம் பார்த்துக் கம்பம் ஏறியதே! லாரி, பஸ், பைக் அத்தனையும் ஒரே பாய்ச்சல், ஹாரன் என்றால் ஹாரன், ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. சத்தம் அடங்கும்போது பல்லவி வந்துவிட்டிருந்தது, ஆட்டோவில் இருந்த எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், டிரைவர் உட்பட, நான் உட்…

ஐயோ, லாரி ஹாரன்! நிஷா, எழுந்திரு, அந்த மூன்றாவது மாடிக்காரி நம் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் டிரம்மை வைத்துவிடுவாள். சிவப்பு என்னுடையது, மறந்துவிடாதே. போனை அணை, ஓடு!